தானாக முளைத்த ஃபார்மும் யாரும் அமுக்காத பட்டனும்

எங்கள் தொழிலில் ஃபார்மை யாரும் உட்கார்ந்து தயாரிப்பதில்லை; ஒரு பட்டியலை உள்ளே போட்டால் போதும், மழைக்குப் பின்னால் பார்த்தீனியம் கிளம்புகிற மாதிரி அதுவே கிளம்பிவிடும்.

லீவுக்கும் கேட் பாஸுக்கும் ஸ்டோர் சாமானுக்கும் சிவப்பு நட்சத்திரம் போட்ட பெட்டிகளை நிரப்பி நிரப்பி விரல் தேய்ந்துபோன சகோதர சகோதரிகளே, உங்களை இந்தக் கதிக்கு ஆளாக்கினவர்களில் நானும் ஒருத்தி. முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், அப்புறம் திட்டாதீர்கள். கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் எட்டு வருசமாக வேலை பார்க்கிறேன். ஒரு கம்பெனிக்குள் யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள், அதற்கு யார் சரி சொல்ல வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்தால், எங்கள் சாப்ட்வேர் தானாக ஃபார்ம் உண்டாக்கும். தானாக அடுத்த ஆளுக்கு அனுப்பும். அவர் ரெண்டு நாள் பேசாமல் இருந்தால், அவருக்கு மேலே இருக்கிறவரிடம் தானாகப் போய்ப் போட்டுக்கொடுக்கும்.

இப்போது சொல்லப் போவது அவிநாசி போகிற வழியில் இருக்கும் ஒரு பம்ப்செட் கம்பெனியின் கதை. பெயர் சொல்ல மாட்டேன், இன்னும் அங்கே போனால் எனக்குச் சோறு போடுகிறார்கள். மூன்று மாதம் வெள்ளோட்டம் விடுவது, கடைசி நாளில் முதலாளி ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று ஒரு ஃபார்மில் அமுக்குவது, இதுதான் பேச்சு. அமுக்காமல் பழையபடி நோட்டுக்கே போய்விட்டால்? எங்கள் மேனேஜர் ரமேஷ் சார் சென்னைக்காரர். எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். “இது ஊத்திக்கிச்சுன்னா கோயமுத்தூர்ல உங்களுக்கு வேலை இல்லைங்க, பெங்களூர் ஆபீசுக்கு மாத்திடுவோம்” என்றார், சிரித்துக்கொண்டே.

என் பெண் யாழினி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுக்காரர் கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். லேத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அவரால் பின்னாலேயே வர முடியாது. ஆக, போனால் நான் மட்டும்தான் போக வேண்டும். அதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

டிரில் பிட்டுக்கு ரத்த வகை

அந்தக் கம்பெனியில் எனக்கு வழிகாட்ட விட்ட ஆள் சுப்பிரமணியண்ணன். நிர்வாக மேனேஜர், தங்கமான மனுசர், சத்தமாகத் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பவர். “ஸ்டோர்ல சாமான் வாங்கறதுக்கு என்ன விவரமெல்லாம் வேணுமுங்கண்ணா?” என்று கேட்டேன். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து ஆள் விவரமும் சாமான் விவரமும் கலந்து சேர்த்து வைத்த பெரிய எக்செல் ஷீட் ஒன்றை அப்படியே தூக்கிக் கொடுத்தார். நானும் அப்படியே தூக்கி உள்ளே போட்டேன். பின்னே, ஒரு வரிகூட எழுத வேண்டாம் என்று சொல்லித்தானே விற்கிறோம்! கண்ணை மூடித் திறப்பதற்குள் நாற்பத்து மூன்று பெட்டியோடு ஒரு ஃபார்ம் வந்து நின்றது. அத்தனைக்கும் சிவப்பு நட்சத்திரம். ஒன்றை விட்டாலும் நகராது.

முதல் போணி அந்தோணியண்ணன். ஃபிட்டிங் செக்சன் ஃபோர்மேன், தாராபுரத்துக்காரர். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு டிரில் பிட். டேப்லெட் முன்னால் நின்று நிரப்ப ஆரம்பித்தார். பத்து நிமிசம் ஆயிற்று, இருபது ஆயிற்று. நடுவில் ரெண்டு தரம் வீட்டுக்குப் போன் போட்டு என்னவோ விசாரித்தார். எனக்கானால் ஒரே பெருமை, எவ்வளவு அக்கறையாக நிரப்புகிறார் பார் என்று. அரை மணி கழித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். கோபம் ஒன்றும் இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

“ஏனுங்க அம்மணி, டிரில் பிட்டு ஓட்டை போடறது இரும்புலதானுங்களே, அதுக்கு எம் பொண்டாட்டியோட ரத்த வகை எதுக்குங்க?”

மாலையோடு வந்த முதலாளி

லீவு ஃபார்மில் ‘காரணம்’ என்று ஒரு பெட்டி. தொட்டால் துக்கம், கல்யாணம், காய்ச்சல், சொந்த வேலை என்று பட்டியல் விரியும். அது சுப்பிரமணியண்ணனின் பழைய நோட்டில் இருந்த வரிசை. துக்கம் என்றால் மறுபேச்சு இல்லாமல் லீவு கொடுத்துவிடுவார்கள், அதனால் அதை முதலில் எழுதி வைத்திருந்தார். எங்கள் சாப்ட்வேருக்கு ஒரு பழக்கம், முதலில் எது இருக்கிறதோ அதை அதுவே பெட்டிக்குள் நிரப்பி வைத்துக்கொள்ளும். பெட்டி நிரம்பித்தானே இருக்கிறது, நாம் எதற்குத் தொட வேண்டும் என்று சனங்களும் அப்படியே அனுப்பிவிட்டார்கள். பல்லுப் பிடுங்கப் போனவர், ரேசன் கார்டில் பேர் சேர்க்கப் போனவர், மச்சானோடு வண்டி பார்க்கப் போனவர், அந்த வாரம் அத்தனை பேர் வீட்டிலும் துக்கம்.

இதில் வினை என்னவென்றால், முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. அறுபது வயசுக்காரர், வெள்ளை வேட்டி, அதிகம் பேச மாட்டார். தொழிலாளி வீட்டு நல்லதுக்குப் போகாமல் இருந்தாலும் இருப்பார், கெட்டதுக்குப் போகாமல் இருக்கவே மாட்டார். எத்தனை வேலை இருந்தாலும் மாலையோடு நேரில் போய் நின்றுவிடுவார். அந்த வாரம் வைண்டிங் செக்சன் சூப்பர்வைசர் மல்லிகாக்கா லீவு போட்டிருந்தது தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து என்று. ஃபார்ம் சொன்னது துக்கம் என்று. முதலாளி கார் போய் நின்ற இடத்தில் பந்தல் இருந்தது, நாற்காலியில் சனம் உட்கார்ந்திருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து ஆசாரி குழந்தையின் காதில் ஊசியை இறக்க, வீட்டுக்குள்ளிருந்து வீரிட்டு அழுகைச் சத்தம் வேறு. அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ரோஜா மாலையை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்துவிட்டார். வாழைமரத்தையும் பிரியாணி அண்டாவையும் அதற்கப்புறம்தான் பார்த்திருக்கிறார்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு சண்டை வந்திருக்கும். மல்லிகாக்கா அசரவில்லை. ஓடி வந்து வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

“வாங்க மொதலாளி, ஒறம்பரைச் சனமெல்லாம் இப்பத்தான் பந்தியில உக்காந்தாங்க, நீங்களும் வந்து ஒரு வாய் சாப்பிடுங்க, அந்த மாலையை மட்டும் வண்டி டிக்கியிலயே வெச்சுப்போட்டு வந்துருங்க.”

ஆத்தாளுக்கு ஒரு லாகின்

லேத் ஆபரேட்டர் கருப்புசாமிக்குச் சொந்த ஊர் சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். ஊரில் நோம்பி, அதாவது அம்மன் திருவிழா வருகிறது, லீவு வேண்டும் என்று வந்தார். ஃபார்ம் ‘எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை’ என்று கேட்டது. அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு மட்டுமில்லை, ஊரில் யாருக்குமே தெரியாது. அம்மன் தலையில் பூ வைத்துக் கேட்பார்களாம். பூ விழுந்தால்தான் உத்தரவு, அதற்கப்புறம்தான் நோம்பி சாட்டுவார்கள். ரெண்டு வாரமாகக் கேட்கிறார்கள், ஆத்தா இன்னும் பூக் கொடுக்கவில்லை.

“உத்தேசமா ஒரு தேதி போடுங்கண்ணா, பொறவு மாத்திக்கலாம்” என்றேன் நான், புத்திசாலித்தனமாக. கருப்புசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார், எனக்கும் சேர்த்து. “உத்தேசமாச் சொல்றதுக்கு அவ என்ன டவுன் பஸ்ஸுங்களா?” என்றார். நான் என்ன செய்வேன்? தேதி இல்லாமல் ஃபார்ம் நகராது. தேதி போட அவருக்குத் துணிச்சல் வராது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

“தேதி குறிக்கறது நானில்லீங்க அம்மணி, ஆத்தா, அவளுக்கு ஒரு லாகின் போட்டுக் குடுத்துருங்க, அவளே வந்து நெரப்பிப்போடுவா.”

இல்லை என்று சொல்லத் தெரியாத மேனேஜர்

ரெண்டாவது மாதம் முடியும்போது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சுப்பிரமணியண்ணன் முடிவு சொல்ல வேண்டிய கோரிக்கைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. சிலது அவரிடமே கிடந்தது, மீதி ரெண்டு நாள் தாண்டி முதலாளி தலையில் போய் விழுந்தது. ‘இதுக்கு நோட்டே தேவலை’ என்று முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது, நான் பெங்களூர் பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். ஒரு நாள் காலை முழுக்க அண்ணன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

வேண்டியதை எல்லாம் டக் டக்கென்று அப்ரூவ் செய்தார். முடியாத ஒன்று வந்தால் மட்டும் கை நின்றுவிடும். பக்கத்து மெசின்காரர் சீட்டி அடிக்கிறார், அதனால் என்னை வேறு ஷிப்டுக்கு மாற்றுங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். படித்தார். “பாவமுங்க” என்றார். அடுத்ததற்குப் போனார். “ரிஜெக்ட் பண்ணுங்கண்ணா” என்றேன். “பண்ணலாமுங்க” என்றார், பண்ணவில்லை. அப்புறம்தான் விசயத்துக்கு வந்தார். அந்த சிவப்புப் பட்டனை அமுக்கினால் ‘உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது’ என்று அவன் போனுக்கு மெசேஜ் போகிறதாம். அவன் பொண்டாட்டி பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடும்போது அது வந்து விழுந்தால், நாளைக்கு அவன் முகத்தில் இவர் எப்படி முழிப்பது? “அப்ப நோட்டு இருந்த காலத்துல முடியாதுன்னு எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்டேன். “‘பாக்கலாமுங்க’ன்னு சொல்லுவனுங்க, அவனும் புரிஞ்சுக்குவானுங்க” என்றார். நானும் கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்து வளர்ந்தவள்தான், எனக்கு எப்படி இது தோன்றாமல் போயிற்று என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அன்றைக்கே ‘பாக்கலாமுங்க’ என்று மூன்றாவதாக ஒரு பட்டன் வைத்துக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் மலை கரைந்துவிட்டது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, எல்லாரும் புரிந்துகொண்டார்கள், ரமேஷ் சாரைத் தவிர. வீடியோ காலில் வந்து பார்த்தவர், “ரெண்டு மாசமாச்சு, இத்தனை ‘பாக்கலாமுங்க’ நிலுவையில இருக்கே, இதெல்லாம் எப்ப சார் முடிவாகும்?” என்று கேட்டார். சுப்பிரமணியண்ணன் எழுந்து நின்று, அவருக்கும் நோகாத மாதிரி பதில் சொன்னார்.

“அதுதானுங்க சார் முடிவு.”

ஐந்து ஹெச்பி பம்ப்பும் பச்சைப்பயிறும்

ஒவ்வொரு பம்ப்புக்கும் ஒரு சோதனை ஃபார்ம் உண்டு. வைண்டிங்கில் ஆரம்பித்து அசெம்பிளிக்குப் போய், பேக்கிங்கில் முடியும். அதில் ‘குறிப்பு’ என்று ஒரு பெட்டி தானாக வந்திருந்தது. இருபது எழுத்துக்குக் குறைந்தால் ஏற்காது. நல்லா ஓடுகிற பம்ப்பைப் பற்றி என்னதான் குறிப்பு எழுதுவது, சொல்லுங்கள்? முதல் ரெண்டு வாரம் ‘நல்லாருக்கு நல்லாருக்கு நல்லாருக்கு’ என்று எழுதினார்கள். அப்புறம் ஒரு நாள் ரமேஷ் சார் துள்ளிக் குதித்துக்கொண்டு போன் செய்தார். வேறு எந்தக் கம்பெனியிலும் சனங்கள் இவ்வளவு நீளமாகக் குறிப்பு எழுதுவதில்லையாம், என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. பயந்துகொண்டே திறந்து பார்த்தேன்.

ஐந்து ஹெச்பி பம்ப் ஒன்று. வைண்டிங்கில் மல்லிகாக்கா எழுதியிருந்தார், “இன்னைக்கு என்ன கொழம்பு கொண்டாந்தே?” அசெம்பிளியிலிருந்து பதில், “பச்சப்பயிறு கடைஞ்சதுங்க்கா, உங்களுக்கு?” பேக்கிங்கில் வேறொருவர், “நான் அரிசிம்பருப்புச் சோறு, நெய்யும் இருக்குது, சாப்பாட்டு மணிக்கு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க.” அந்தப் பம்ப்பின் நிரந்தர ஆவணத்தில் இதுதான் இருக்கிறது. யாரோ ஒரு விவசாயி அதைக் கிணற்றில் இறக்கித் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார், பாவம்.

உடனே அந்தப் பெட்டியையே எடுத்துவிடுகிறேன் என்று சுப்பிரமணியண்ணனிடம் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அதற்குள் முதலாளி கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. போனேன். அவர் கையில் போன், போனில் அதே பம்ப். தொலைந்தோம் என்று நினைத்தேன். “குறிப்புப் பொட்டியை எடுக்கப் போறீங்களாமா?” என்றார். “ஆமாங்க, மன்னிச்சுக்குங்க, தேவையில்லாதது எல்லாம்...” என்று இழுத்தேன். “வேண்டாமுங்க, இருக்கட்டும். வர்ற ஃபார்மு அத்தனையும் நான் ஒண்ணு விடாமப் படிக்கறனுங்க” என்றார். எதற்குங்க என்று கேட்டேன். கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“படிக்காம எப்படீங்க அம்மணி இருக்கறது, எனக்கு ஊட்டுல மூணு நேரமும் ஓட்ஸ் கஞ்சிதானுங்க.”

டெஸ்ட் என்று நினைத்து எழுதியது

வெள்ளோட்டம் முடிய நான்கு நாள் இருந்தது. புதிதாக ‘இடமாற்றக் கோரிக்கை’ என்று ஒரு ஃபார்ம் போட்டிருந்தேன். கம்பெனிக்கு ரெண்டு யூனிட் உண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக விரும்புகிறவர்களுக்காக. எந்த ஃபார்மையும் வெளியே விடுவதற்கு முன்னால் நாங்களே ஒரு தரம் நிரப்பிப் பார்ப்போம். வழக்கமாக ‘அஅஅஅ’ என்றோ ‘டெஸ்ட் டெஸ்ட்’ என்றோ எழுதுவோம். அன்றைக்குக் காலையில்தான் ரமேஷ் சாரிடமிருந்து மெசேஜ் வந்திருந்தது, பெங்களூரில் லேடீஸ் ஹாஸ்டல் எதற்கும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று. பின்னால் ஒரு சிரிப்பு பொம்மை வேறு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த பொம்மையின் மூஞ்சியில் ஒரு குத்து விடலாம் போல இருந்தது.

சாப்பாட்டு நேரம், யாரும் இல்லை. பெயர்ப் பெட்டியில் என் பெயரைப் போட்டேன். இருக்கும் இடம் கோயமுத்தூர். போகும் இடம் பெங்களூர். காரணம் என்ற பெட்டியில் விரல் அதுபாட்டுக்கு ஓடியது. ‘எனக்குப் போகப் பிடிக்கவில்லை. மகள் மூணாவது படிக்கிறாள். பக்கத்தில் நான் படுக்காவிட்டால் தூங்க மாட்டாள். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தயவுசெய்து என்னை மாற்றாதீர்கள்.’ எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. சமர்ப்பி என்று அமுக்கினேன். அப்புறம்தான் திரையின் மேலே பார்த்தேன். அது டெஸ்ட் இல்லை, நிஜம்.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. சுப்பிரமணியண்ணன் அதற்குள் படித்துவிட்டிருந்தார். கண்ணாடி மேசை மேல் கிடந்தது, கைக்குட்டை கையில் இருந்தது. “அண்ணா, தெரியாம அனுப்பிப்போட்டேன், ரிஜெக்ட் பண்ணிருங்க” என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். “‘பாக்கலாமுங்க’வாச்சும் அமுக்குங்க.” “கொழந்தை விசயமுங்க அம்மணி, கை வருமுங்களா?” அழிக்கவும் வழியில்லை. எங்கள் சாப்ட்வேரில் ஒரு தரம் அனுப்பினதை அழிக்கவே முடியாது என்று முதலாளியிடம் பெருமையாகச் சொல்லி வைத்தவளே நான்தான். “அப்ரூவ் பண்றதுக்கு நமக்கு அதிகாரம் ஏதுங்க” என்றார். அவரால் முடிந்தது அந்த ஃபார்மை அப்படியே வைத்துக்கொண்டு வருத்தப்படுவது. அதைத்தான் செய்தார்.

“ரெண்டு நாளைக்கு இப்படியே கெடக்கட்டுமுங்க அம்மணி, அதுக்கு மேல அதுவே மொதலாளிகிட்டப் போயிருமுங்க, நீங்கதானுங்களே அப்படிச் செஞ்சு வெச்சிருக்கறீங்க.”

கடைசி நாள்

ரமேஷ் சார் காலை பிளைட்டில் வந்து இறங்கினார். முதலாளி அறையில் நாங்கள் நான்கு பேர். முதலாளி, சுப்பிரமணியண்ணன், ரமேஷ் சார், நான். ரமேஷ் சார் லேப்டாப்பைத் திறந்து படமெல்லாம் போட்டுக் காட்டி, கையைத் தேய்த்துக்கொண்டே, “சார், ஏற்பு ஃபார்ம் உங்க போனுக்கு வந்திருக்கும், ஒரு தட்டு தட்டிட்டீங்கன்னா...” என்றார். முதலாளி போனைத் திறந்தார். “ரெண்டு ஃபார்மு இருக்குதுங்க” என்றார். “மொதல்ல வந்ததை மொதல்ல பாத்துப்போடலாமுங்க” என்று, நான் எழுதினதை ஒரு எழுத்து விடாமல் சத்தமாகப் படித்தார். வீட்டுக்காரர் சாப்பிடாதது உள்பட. அந்த அறையில் அப்படியே பூமி பிளந்து என்னை விழுங்கினால் நன்றாயிருக்கும் என்றிருந்தது. ரமேஷ் சார் முகத்தில் சிரிப்பு இல்லாமல் அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தேன்.

முதலாளி அப்ரூவ் பட்டனை அமுக்கினார். காரணம் எழுதாமல் அதுவும் நகராது இல்லையா? ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். டீ வந்தது, ஆறியது, ஆடை கட்டியது. முடித்துவிட்டு அதையும் படித்துக் காட்டினார். “ஃபார்மு தானா வந்துருது, செரி. வந்த பொறவு எங்களுக்குத் தகுந்த மாதிரி அதைச் சீர் பண்ண ஆள் வேணும். இந்த அம்மணி கோயமுத்தூர்ல இருந்தா நாங்க இதை வெச்சுக்கறோம். இல்லீன்னா எங்க நோட்டே எங்களுக்குப் போதும்.” ரமேஷ் சார் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடி வழியாக அவர் நடப்பதும் நிற்பதும் தெரிந்தது, என்ன பேசுகிறார் என்று தெரியவில்லை. பத்து நிமிசம்தான் இருக்கும். என் பெண்ணைப் பெற்ற அன்றைக்குக்கூட அவ்வளவு நேரம் ஆனதாக எனக்கு ஞாபகமில்லை. திரும்பி வந்து, “இவங்க இங்கேயே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க சார்” என்றார். முதலாளி ரெண்டாவது ஃபார்மையும் அமுக்கினார். நான் எழுந்து ஸ்டோருக்குள் போய், பேரிங் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று நன்றாக அழுது தீர்த்துவிட்டு, வீட்டுக்காரருக்குப் போன் போட்டு மத்தியானம் ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது ரமேஷ் சார் கிளம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. “எல்லாம் சரி சார், ஆனா இவங்க எங்க கம்பெனி ஆளு. இவங்க மாற்றல்ல முடிவு எடுக்கற அதிகாரம் உங்களுக்கு எப்படி சார் வரும்?” என்று கேட்டேவிட்டார். முதலாளி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“உங்க ஃபார்முதானுங்களே எனக்கு அப்ரூவ் பட்டனைக் காட்டுச்சு, இல்லாத அதிகாரத்துக்குப் பட்டன் எதுக்குங்க வெக்கறீங்க?”

எட்டு வருசமாக ஊரையெல்லாம் ஃபார்ம் நிரப்ப வைத்துப் பிழைக்கிற நான், உள்ளதை உள்ளபடி நிரப்பின ஒரே ஃபார்ம் கைதவறிப் போனதுதான் என்பதை எங்கள் கம்பெனி விளம்பரத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.